சேலத்துக் காவலர் ஆய்வாளராக உயரும் வழி

சேலம் மாநகரில் ஆணையரின் கீழோ, ஏற்காடு போன்ற மாவட்டக் காவல் நிலையங்களில் கண்காணிப்பாளரின் கீழோ இரண்டாம் நிலைக் காவலராகப் பணியாற்றுபவர், ஆய்வாளர் நாற்காலியை எட்ட விரும்பினால் பணிமூப்பை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அவ்வழியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆவதற்குள்ளேயே தலை நரைத்துவிடும். சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் உதவி ஆய்வாளர் தேர்வில் துறையினருக்கென உள்ள 20 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி இளம் வயதிலேயே எழுதிவிடுவது நல்லது.

உதவி ஆய்வாளராகித் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் ஏறியபின், புலனாய்வின் போக்கைப் பதியும் வழக்கு நாட்குறிப்பில் கவனம் வையுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 192ஆம் பிரிவு அதை நாள்தோறும் எழுதக் கோருகிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் விபத்தென்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் எது, டயர்த் தடம் எங்கே தொடங்கியது என்பவற்றை அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் மழை தடத்தை அழித்துவிடும். மூன்றாம் நட்சத்திரத்துக்கான, அதாவது ஆய்வாளர் பதவி உயர்வுக்கான, பட்டியலில் பணிமூப்போடு, தண்டனைக் குறிப்பில்லாத பணிப்பதிவேடும் பார்க்கப்படும்.