தர்மபுரியில இருந்துக்கிட்டே மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வாங்கறது எப்படி

எங்கிட்ட வர்ற ஜூனியருங்க எடுத்ததும் கேக்கறது "சார் எந்த ஸ்கீம்ல எவ்ளோ குடுப்பாங்க"ன்னுதான். அது கடைசியா கேக்க வேண்டிய கேள்விங்க. நிதி குடுக்கற எடம் எல்லாமே "இந்த கேள்விக்கு விடை தெரிஞ்சா யாருக்கு என்ன மாறும்"னு பாத்துட்டுதான் பட்ஜெட் பக்கத்தையே தொறப்பாங்க. அதனால மொதல்ல கேள்விய புடிங்க, அதுக்கு சென்னை போக வேண்டாம், பென்னாகரம் டவுன் பஸ்ல ஏறினா போதும்.

என் கதையவே சொல்றேன். பென்னாகரம் பக்கம் ஒரு ஊர்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பல்லு பாத்துக்கிட்டு இருந்தோம், நம்ம ஜில்லாவுல பல்லுல பழுப்பு கோடு ஒண்ணும் புதுசு இல்ல, பாறைக்குள்ள இருந்து வர்ற ஆழ்துளை தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்னு எல்லாருக்கும் தெரியும். குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும்தான் இருக்கலாம்னு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) சொல்லுது. அதுக்காகத்தான் ஜப்பான் கடன்ல சுமார் 1,928 கோடிக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்து 2013லயே தொறந்தாச்சு. அப்புறமும் சின்ன பிள்ளைங்க பல்லுல ஏன் கோடுன்னு எனக்கு புரியல. அங்க ஒரு ஆயா பேரனோட வந்திருந்தாங்க, காவேரி தண்ணிதானே ஆயா குடிக்கறீங்கன்னு கேட்டேன். "குடிக்கறது அதுதான் கண்ணு, களி கிண்டறதுக்கும் பருப்பு வேக வெக்கறதுக்கும் போர் தண்ணிதான், அதான் எந்நேரமும் வருது"ன்னாங்க. எங்க சர்வே ஃபாரத்துல "குடிநீர் எங்கிருந்து வருது"ன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு, சமைக்கற தண்ணிய யாருமே கேக்கல. ஒகேனக்கல் குழாய் இருக்கற வீட்ல சமையல் தண்ணி மூலமா பிள்ளைங்க ஒடம்புக்குள்ள எவ்ளோ ஃப்ளோரைடு போகுது, இதுதான் ஆராய்ச்சி கேள்வி. ஒரு வரியில சொல்ல முடியுது, அளக்க முடியுது, விடை கெடைச்சா "சமையலுக்கும் குழாய் தண்ணிய எடுங்க"ன்னு சொல்லலாம், இல்ல தண்ணி விடற நேரத்த மாத்துங்கன்னு கலெக்டர் மீட்டிங்ல கேக்கலாம். "தர்மபுரி மாவட்டத்தில் ஃப்ளோரோசிஸ் பாதிப்பு ஓர் ஆய்வு"ன்னு (ஃப்ளோரோசிஸ்னா ஃப்ளோரைடு அதிகமாகி பல்லு, எலும்பு கெடறது) தலைப்பு வெச்சீங்கன்னா அது ஏற்கனவே பத்து பேரு பண்ணதா இருக்கும்.

அடுத்தது முன்னாடி யாராவது பண்ணிட்டாங்களான்னு தேடறது, இதுல சோம்பேறித்தனம் வேண்டாம். நம்ம ஊரு புளி ஊராச்சே, புளி சாப்பிட்டா ஃப்ளோரைடு வெளிய போகுமான்னு எனக்கு ஒரு ஐடியா வந்து ரெண்டு நாள் தூக்கம் வராம எழுதினேன், அப்புறம் பப்மெட்ல (மருத்துவ ஆராய்ச்சி கட்டுரைங்கள தேடற வெப்சைட்) தேடினா ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரங்க (என்ஐஎன்) 2002லயே ஸ்கூல் பசங்களுக்கு புளி குடுத்து சிறுநீர்ல ஃப்ளோரைடு அதிகமா போகுதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. ரெண்டு நாளோட போச்சுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன், ப்ரொபோசல் அனுப்பினதுக்கு அப்புறம் ரிவியூவர் (ப்ரொபோசல மதிப்பிடறவர்) சொல்லி தெரிஞ்சிருந்தா மானம் போயிருக்கும்.

சரி, இப்ப பணம் எங்க இருக்குன்னு பாக்கலாம். நீங்க யாருங்கறத பொறுத்துதான் கதவு.

எம்பிபிஎஸ், பிடிஎஸ் படிக்கற பிள்ளைங்கன்னா ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) எஸ்டிஎஸ், அதாவது மாணவருங்களுக்கான குறுகிய கால ஆராய்ச்சி ஸ்கீம், 1979ல இருந்து நடக்குது, ரெண்டு மாச வேலை, ஸ்டைபெண்டு 50,000 ரூபா வரைக்கும் ஏத்தியிருக்காங்க. ஒண்ண மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, அந்த காசு வேலை முடிச்சு ரிப்போர்ட் குடுத்து அது பாஸ் ஆன பிறகுதான் வரும், அதனால முன்பணம் இல்லாம செய்யற மாதிரி சின்னதா ப்ளான் பண்ணுங்க. ஒரு பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) சுகர் மாத்திரைய பாதியில நிறுத்தறவங்க ஏன் நிறுத்தறாங்க, இந்த அளவுக்கு இருந்தா போதும். மக்களைத் தேடி மருத்துவம் ஸ்கீமே 2021 ஆகஸ்ட் 5ல நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, வீட்டுக்கு மாத்திரை வந்தும் முழுங்காம டப்பாவுல போட்டு வெச்சிருக்கறவங்கள பத்தியே நாலு எஸ்டிஎஸ் பண்ணலாம்.

காலேஜ்ல ரெகுலர் வேலையில இருக்கற ஃபேகல்டின்னா ஐசிஎம்ஆர் எக்ஸ்ட்ராமூரல்ல (வெளி நிறுவனங்களுக்கு குடுக்கற ஆராய்ச்சி நிதி) ஸ்மால் கிராண்ட், பேருதான் ஸ்மால், 3 வருஷத்துக்கு 2 கோடி வரைக்கும் கேக்கலாம். அதுக்கு மேல 8 கோடி வரைக்கும் இன்டர்மீடியட், அது பல பேரு டீமா சேந்து பண்றவங்களுக்கு, மொத தடவையே அங்க போய் நிக்காதீங்க. கால் (விண்ணப்பம் கேட்டு வர்ற அறிவிப்பு) வரும்போது எந்த தலைப்புக்கு முன்னுரிமைன்னு போட்டிருப்பாங்க, அத ரெண்டு தடவ படிங்க, அதுல இல்லாதத அனுப்பினா எவ்ளோ நல்லா இருந்தாலும் ஒதுக்கிடுவாங்க. ஏதாவது கருவி, டெஸ்ட் கிட் மாதிரி பொருள் கண்டுபுடிக்கறவங்களுக்கு மத்திய அரசோட பயோடெக் நிறுவனமான பைராக்கோட பிக்னு ஒரு கிராண்ட் இருக்குது, 50 லட்சம் வரைக்கும், 18 மாசம். என்ஜிஓன்னா ஐசிஎம்ஆர் டிஎஸ்ஐஆர் (மத்திய அரசோட அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு கேக்கும், அது இல்லாத சின்ன ட்ரஸ்ட்டுக்கு ஈசியான வழி தகுதி இருக்கற காலேஜோட கூட்டு சேந்து அவங்கள முன்னாடி நிக்க வெக்கறது.

ஓசூர் கம்பெனிங்க சிஎஸ்ஆர் பணத்த (சமூக நலனுக்கு ஒதுக்கற பணம்) பத்தி எல்லாரும் கேக்கறாங்க. கம்பெனி சட்டம் 2013, 135வது பிரிவு, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம், இது உண்மைதான், ஆனா "ஆராய்ச்சி"ன்னு சொல்லிக்கிட்டு போனா அங்க ஹெச்ஆர் மூஞ்சியே மாறிடும். அவங்களுக்கு போட்டோ எடுக்கற மாதிரி ஒண்ணு வேணும், ஆர்ஓ மெஷினோ ஸ்கேனோ. அத தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ஸ்கிரீனிங் கேம்ப அவங்க காசுல நடத்தி அதுக்குள்ள உங்க கேள்விய முறையா அனுமதி வாங்கி சேத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் சரியா போகும். ட்ரஸ்ட் மூலமா வாங்கறதுன்னா சிஎஸ்ஆர் பணம் வாங்கறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு நம்பர் முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. வெளிநாட்டு பணம்னா ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்கிரீனிங் கமிட்டி ஒப்புதல் வேணும், ட்ரஸ்ட்டா இருந்தா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை சட்டம்) பதிவும் வேணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ட்ரஸ்ட் வாங்கி இன்னொரு ட்ரஸ்ட்டுக்கு பிரிச்சு குடுக்கவும் முடியாது. மொத ப்ராஜெக்ட்டுக்கு இந்த தலைவலி வேணாம்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வந்துட்டோம். ப்ரொபோசல் எழுத உக்காரறதுக்கு முன்னாடி லெட்டருங்கள சேருங்க. எத்திக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறிமுறைய பாத்து அனுமதி குடுக்கற குழு) மாசாமாசம் கூடறதில்ல, சில எடத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான், உங்க காலேஜ் கமிட்டி டிஹெச்ஆர்ல (மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை) பதிவு ஆகியிருக்கான்னும் பாருங்க. ஊருக்குள்ள போறதுக்கு மாவட்ட சுகாதார அலுவலர் லெட்டர், நம்ம பழக்கத்துல இன்னும் டிடி (துணை இயக்குநர்) ஆபீஸ்னுதான் சொல்றோம். ஸ்கூலுக்குள்ள போகணும்னா சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ். பிள்ளைங்கள வெச்சு பண்றதுன்னா அப்பா அம்மா கையெழுத்து மட்டும் போதாது, 7 வயசுக்கு மேல பிள்ளைகிட்டயும் சம்மதம் கேக்கணும், 12க்கு மேல எழுத்துலயே வாங்கணும்.

அனுமதி படிவம் தமிழ்ல மட்டும் அடிச்சுக்கிட்டு தளி, வேப்பனப்பள்ளி பக்கம் போயிடாதீங்க. அங்க வீட்டுக்குள்ள தெலுங்கும் கன்னடமும்தான், தமிழ் படிவத்துல கைநாட்டு வாங்கினா அது சம்மதமே இல்ல. மூணு மொழியில மொழிபெயர்த்து, வேற ஆள வெச்சு திருப்பி மொழிபெயர்த்து சரிபாக்கணும், அதுக்கு காசு ஆகும், அந்த காச பட்ஜெட்ல போடுங்க. நான் மொத ப்ராஜெக்ட்ல போடல, கைக்காசுதான் போச்சு.

பட்ஜெட்ட சாம்பிள் சைஸ்ல இருந்துதான் கட்டணும். கணக்கு போட்டே காட்டறேன், பிள்ளைங்கள்ல 30 சதவீதம் பேருக்கு பல்லுல பாதிப்பு இருக்கும்னு வெச்சுக்கோங்க, 5 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்னா 4 பெருக்கல் 30 பெருக்கல் 70 (பாதிப்பு இல்லாதவங்க), அத 5 பெருக்கல் 5, 25ஆல வகுத்தா 336. ஊர் ஊரா கொத்து கொத்தா எடுக்கறதால ரெண்டு மடங்கு, 672. வராதவங்க, பாதியில போனவங்களுக்கு 10 சதவீதம் சேத்து 740ன்னு வெச்சுக்கோங்க. வீட்டுக்கு ஒரு பிள்ளைன்னு வெச்சா, ஒரு நாளைக்கு ரெண்டு பேரு கொண்ட டீம் 8 வீடுதான் ஒழுங்கா முடிக்கும், ஆக 93 நாள். மழை, திருவிழா, ஊர்ல சாவு, ஸ்கூல் லீவு எல்லாம் சேத்தா ஆறு மாசம். "ப்ராஜெக்ட் டெக்னிகல் சப்போர்ட் 1"ங்கற ஃபீல்டு வேலைக்கு ரெண்டு பேரு, மாசம் 18,000 வீதம் ஒரு வருஷத்துக்கு 4,32,000, அதோட ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி). சம்பளத்த நீங்களா குறைச்சு போட்டு நல்ல பேரு வாங்க பாக்காதீங்க, ஐசிஎம்ஆர் அறிவிச்ச சம்பளம் எதுவோ அதுதான், குறைச்சு போட்டா வேலைக்கும் ஆள் வராது, ரிவியூவரும் "இவருக்கு ஃபீல்டு தெரியல"ன்னு நெனப்பாரு.

சின்ன ஐட்டத்துலதான் ஃபீல்டு தெரிஞ்சவங்க யாருன்னு தெரியும். ஃப்ளோரைடுக்கு சிறுநீர் எடுக்கறது ப்ளாஸ்டிக் பாட்டில்ல, கண்ணாடியில எடுத்தா ஃப்ளோரைடு கண்ணாடியோட சேந்து கணக்கு தப்பிடும். ஐஸ் பாக்ஸ், அத அரூர்ல இருந்து தர்மபுரி வரைக்கும் கொண்டு வர வண்டி, ஃப்ளோரைடு அளக்கற எலெக்ட்ரோடு, அதுக்கான பஃபர் கரைசல், கூலிக்கு போற அம்மா அரை நாள் நமக்காக ஒக்காந்தா அதுக்கு ஈடு. இத ஒவ்வொண்ணா எழுதி பக்கத்துல ஏன்னு ஒரு வரி போடுங்க. "இதர செலவு 3 லட்சம்"னு மொட்டையா போட்டா வெட்டிடுவாங்க, வெட்டறதும் நியாயம்தான். மாஞ்சீசன்ல ஃபீல்டு வேலை வெக்காதீங்க, கிருஷ்ணகிரி பக்கம் அந்த ரெண்டு மாசம் வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க.

லேப்டாப்பு, ஏசி, கார் எல்லாம் ப்ராஜெக்ட் காசுல வாங்கிக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

அனுப்பறதுக்கு முன்னாடி சம்மரி பக்கத்த மட்டும் மருத்துவம் தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்து படிக்க சொல்லுங்க, எங்க வீட்ல சம்சாரம் படிச்சிட்டு "அப்போ சமையல் தண்ணிதான் பிரச்சனையா"ன்னு கேட்டாங்க, சரி தேறிடுச்சுன்னு அனுப்பினேன். அப்படியும் மொத தடவ திரும்பி வந்துச்சு, போர் தண்ணி எடுக்காத வீடுங்கள ஒப்பிட்டு பாக்கறதுக்கு சேக்கலைன்னு ரிவியூவர் எழுதியிருந்தாரு. கோவம் வந்துச்சு, ரெண்டு வாரம் கழிச்சு படிச்சா அவர் சொன்னது சரிதான். ஔவையாரே அதியமான் வாசல்ல பரிசுக்கு காத்துக் கெடந்த ஊருதானேன்னு மனச தேத்திக்கிட்டு திருத்தி அடுத்த கால்ல அனுப்பினேன்.

பணம் வந்த பிறகு பேப்பர் வேலை இன்னும் ஜாஸ்தி. தவணை தவணையாத்தான் வரும், செலவு கணக்கும் யூசியும் (பணத்த அதுக்குன்னே செலவு பண்ணோம்ங்கற சான்று) போனாதான் அடுத்த தவணை, யூசி மத்திய அரசு நிதி விதியில இருக்கற ஜிஎஃப்ஆர் 12-ஏ ஃபார்மேட்ல இருக்கணும். காலேஜ் அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல இருக்கறவங்கள மொத நாளே போய் பாத்து ஒரு டீ சாப்பிடுங்க, அவங்க நெனச்சா நம்ம ஃபைல் ஓடும், இல்லன்னா தூங்கும். எந்த பில்லையும் கைக்காசுல குடுத்துட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு இருக்காதீங்க. ஒரு தலைப்புல மிச்சம் ஆனத இன்னொண்ணுக்கு மாத்தறதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்க. பேங்க்ல கெடந்த பணத்துக்கு வர்ற வட்டியும் நம்மளுது இல்ல, திருப்பி கட்டணும். எனக்கு 412 ரூபா வட்டி வந்துச்சு, அத கட்டறதுக்கு நாலு லெட்டர், ரெண்டு தடவ பேங்குக்கு நடை, பெட்ரோல் மட்டும் 412க்கு மேல ஆயிடுச்சு, அத எந்த தலைப்புலயும் எழுத முடியல.