பள்ளி திறக்கும் முன் பிள்ளைக்கு மெடிக்கல் செக்கப்: முதலில் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள்

ஊரிலிருந்து வெளிநாட்டுக்குக் குடிவந்து, வீடு பார்த்து, பிள்ளைக்குப் பள்ளியில் பெயரும் பதிந்தாகிவிட்டது என்றால் அடுத்து பள்ளியிலிருந்து ஒரு ஃபார்ம் வரும், டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வாருங்கள் என்று. திறக்கிற வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாப் பெற்றோரும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அலைவார்கள். இரண்டு மாதம் முன்னதாகவே போன் செய்துவிடுங்கள், ஏனென்றால் ஏதாவது ஊசி விட்டுப்போயிருந்தால் அதை ஒரே நாளில் முடிக்க முடியாது. ஒரு டோஸுக்கும் அடுத்த டோஸுக்கும் நடுவில் பெரும்பாலும் குறைந்தது 4 வாரம், சிலவற்றுக்கு 6 மாதம்கூட விட வேண்டியிருக்கும்.

எந்த ஊசி கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். அதனால் வேறு ஊரில் இருக்கும் அண்ணனோ தோழியோ சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் பள்ளி அலுவலகத்திலேயே பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அட்டை. பழைய அட்டையில் பிள்ளையின் பெயரே இருக்காது, 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். வரவேற்பில் இருப்பவருக்கு இது யாருடைய அட்டை என்றே புரியாது. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அட்டை மூன்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள், பிறந்த தேதியும் அம்மா பெயரும் ஒத்துப்போவதைக் காட்டலாம்.

அதைவிட முக்கியம் தேதி. என் மகள் பிறந்தது 2019 மே. அவளுக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்ட தேதி அட்டையில் 03/08/2020 என்று இருந்தது, அதாவது ஆகஸ்ட் 3, ஒன்றேகால் வயதில் போட்டது. நாங்கள் வந்த இடத்தில் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். மார்ச் 8 என்று படித்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் அவளுக்கு அப்போது பத்து மாதம்தான், முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது செல்லாது என்று சொல்லி மறுபடி ஊசி போட்டார்கள். கூடுதலாக ஒரு டோஸ் போனதால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அவள் அழுத அழுகை தேவையே இல்லாதது. அதனால் ஒரு வெள்ளைத்தாளில் ஊசியின் பெயரையும், மாதத்தை எழுத்தில் எழுதி தேதியையும் வரிசையாக எழுதி அட்டையோடு பின் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

அட்டையில் 'பென்டாவேலன்ட்' என்று இருந்தால் அது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சல், நிமோனியா வரவைக்கும் ஒரு கிருமி) ஆகிய ஐந்துக்கும் சேர்த்துப் போடுவது. ஹெபடைடிஸ் பி எங்கே என்று கேட்டால் அதைக் காட்டுங்கள். இந்தியாவில் அரசு மருத்துவமனையில் மட்டும் போட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி இருக்கும், பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் பெரும்பாலும் இருக்காது. இலங்கையில் எம்எம்ஆர் முதல் டோஸை 9 மாதத்திலேயே போடுகிறார்கள், அதைக் கணக்கில் எடுக்காத நாடுகள் உண்டு. இன்னொன்று போடச் சொன்னால் ஊரில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அட்டவணை வேறு, அவ்வளவுதான். நடுவில் விட்டுப்போன ஊசியை விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் வழக்கம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அட்டையே தொலைந்துவிட்டதா? போட்ட மருத்துவமனையில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில நோய்களுக்கு ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்றும் பார்க்க முடியும்.

காசநோய் சோதனை கேட்டால், பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, தோளில் இருக்கும் தழும்பைக் காட்டுங்கள். தோலில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்கும் சோதனையில், நோய் இல்லாமலே பிசிஜியால் வீக்கம் வரலாம். ரத்தத்தில் செய்யும் சோதனைக்கு அந்தச் சிக்கல் இல்லை, அது கிடைக்குமா என்று கேளுங்கள்.

அப்புறம் மருந்துகள். ஊரில் வாங்கிய பிராண்டு பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, மருந்து பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் அப்படியே எடுத்துப் போங்கள். பாராசிட்டமாலுக்கே சில நாடுகளில் அசிட்டமினோஃபென் என்றுதான் பெயர். இழுப்புக்கு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, ஏதாவது சாப்பிட்டால் ஒவ்வாமை வரும் பிள்ளை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் பள்ளியில் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் வகுப்பில் மூச்சுத் திணறும்போது ஆசிரியருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சின்னப் பிள்ளைகளுக்கு முதுகிலோ இடுப்புக்குக் கீழேயோ பிறவியிலேயே நீலமாக மச்சம் போல இருந்தால் அதையும் சொல்லிப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு அது சாதாரணம், தெரியாதவர்கள் அடிபட்ட காயம் என்று நினைக்கலாம்.

பாஷை கஷ்டமாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பல இடங்களில் போன் வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தன் உடம்பைப் பற்றிய பேச்சைத் தானே சுமப்பது அதற்குப் பாரம்.

பதின்ம வயதுப் பிள்ளை என்றால் டாக்டர் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வார். எனக்கு முதல் தடவை சுருக்கென்றிருந்தது. இங்கே அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான், மனசு சரியில்லை என்றாலும் யாராவது பள்ளியில் சீண்டுகிறார்கள் என்றாலும் நம் முன்னால் சொல்லத் தயங்குவதை அங்கே சொல்வார்கள். மறுக்காமல் எழுந்து போய்விடுங்கள்.

சின்னப் பிள்ளையிடம் ஊசியே கிடையாது என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "ஒரு ஊசி இருக்கலாம், கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொன்னால் போதும். கை தோள்வரை எளிதாக ஏறுகிற சட்டை போடுங்கள், கண்ணாடி போடும் பிள்ளைக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள், பார்வையும் பார்ப்பார்கள்.

கிளம்பும் முன் அங்கேயே நின்று ஃபார்மைப் பாருங்கள்: கையெழுத்து, தேதி, முத்திரை, பெயரின் எழுத்துகள். பள்ளியில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் இதையேதான் மறுபடி கேட்பார்கள்.