நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியாக வாங்குங்கள்

ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் தகுதி பெற்ற செவிலியரா நீங்கள்? இன்னோர் உறுப்பு நாட்டில் பணிபுரிய விண்ணப்பிக்கும்போது, நன்னடத்தைச் சான்றிதழை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதிப்படி, சமர்ப்பிக்கும் நாளில் அது 3 மாதங்களுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மற்ற ஆவணங்களின் மொழிபெயர்ப்புகள்தான் பெரும்பாலும் இழுத்தடிக்கும். அவை கைக்கு வந்தபின் நன்னடத்தைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பட்டயத்தில் பழைய குடும்பப்பெயர், கடவுச்சீட்டில் திருமணத்துக்குப் பிந்தைய பெயர் என்றால், திருமணச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

விண்ணப்பம் கிடைத்ததையும், விடுபட்ட ஆவணம் எது என்பதையும் அதிகாரிகள் ஒரு மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். தகவல் வராவிட்டால் தயங்காமல் எழுதிக் கேளுங்கள். மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர், பேறுகாலச் செவிலியருக்கும் இதே விதிதான்.