சத்தம் அடங்கட்டும்னு காத்திருக்காதீங்க: வீட்லயே தியானம் ஆரம்பிக்கிறது எப்படி

எங்க வீடு தண்டையார்பேட்டைல, மெயின் ரோட்ல இருந்து ரெண்டாவது தெரு. ராத்திரி பூரா ஹார்பர் போற கன்டெய்னர் லாரி, விடிகாலைல கீழ அடிபம்பு, அது முடிஞ்சா எதிர்வீட்டு டிவி. தியானம்னா அமைதியான எடம் வேணும்னு நெனச்சே நான் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டேன், அந்த அமைதி நம்ம ஏரியால வரவே வராதுன்னு அப்புறம்தான் ஒறச்சுது. இருக்கிற சத்தத்துக்கு நடுவுலயே உக்காந்து பழகுங்க, அப்படி பழகினா பஸ்லயும் ஆஸ்பத்திரி க்யூலயும் கூட அது கை குடுக்கும்.

முதல்ல நேரம். அஞ்சே நிமிஷம் போதும், ஆனா தெனமும் ஒரே நேரத்துல. பல்லு வெளக்கினதுக்கு அப்புறம், டீ போடறதுக்கு முன்னாடி, இந்த மாதிரி ஏற்கனவே இருக்கிற பழக்கத்தோட சேத்து வச்சிடுங்க, தனியா ஞாபகம் வச்சிக்க வேணாம். வயிறு முட்ட சாப்பிட்டு உக்காராதீங்க, தூக்கம்தான் வரும். போன்ல அஞ்சு நிமிஷ டைமர் வச்சு, ஃப்ளைட் மோட் போட்டு, கைக்கு எட்டாத தூரத்துல வச்சிடுங்க.

அடுத்தது உக்கார்றது. பத்மாசனமெல்லாம் தேவையே இல்ல. சம்மணம் போட்டு உக்காருங்க, பெட்ஷீட்ட நாலா மடிச்சு பின்பக்கத்துக்கு அடியில மட்டும் வைங்க, இடுப்பு முட்டிய விட கொஞ்சம் ஒசந்து இருந்தா முதுகு தானா நிமிரும். முட்டி வலி இருக்கிறவங்க சேர்ல உக்காரலாம், ரெண்டு பாதமும் தரையில பதியணும், அவ்ளோதான். செவுத்துல சாஞ்சுக்கிட்டாலும் தப்பில்ல. கண்ண மூட ஒரு மாதிரி இருந்தா ரெண்டடி தள்ளி தரைய பாத்துட்டு இருங்க.

இப்போ மூச்சு. ஆரம்பத்துல மட்டும் மூணு தடவ மூச்ச இழுத்து, இழுத்ததவிட மெதுவா வெளிய விடுங்க. வெளிய விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கொறையும், அது நம்ம ஒடம்போட இயல்பு, அதனாலதான் பெருமூச்சு விட்டா லேசா இருக்கு. அதுக்கப்புறம் மூச்ச நீங்க ஓட்டாதீங்க, அது பாட்டுக்கு போகட்டும். மூக்கு நுனில கவனம் வைங்க, உள்ள போற காத்து கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், வெளிய வர்றது வெதுவெதுன்னு இருக்கும். அது புடிபடலன்னா வயித்து மேல கை வச்சு அது ஏறி எறங்கறத பாருங்க. ஒவ்வொரு தடவ வெளிய விடும்போதும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணுங்க, பத்து முடிஞ்சா மறுபடி ஒண்ணு.

மூணு எண்றதுக்குள்ள மனசு ஓடிடும். சீட்டு காசு, பையன் ஸ்கூல் பீஸ், நேத்து யாரோ சொன்ன ஒரு வார்த்தை. இங்கதான் முக்கால்வாசி பேர் எனக்கெல்லாம் தியானம் வராதுன்னு எந்திரிச்சிடறாங்க. ஆனா ஓடிடுச்சுன்னு நீங்க கவனிச்ச அந்த நொடி இருக்கு பாருங்க, பயிற்சியே அதுதாங்க. திட்டிக்காம திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க. அஞ்சு நிமிஷத்துல முப்பது தடவ ஓடி முப்பது தடவ திரும்பி வந்தா, முப்பது தடவ பயிற்சி பண்ணிருக்கீங்கன்னு அர்த்தம்.

சத்தத்துக்கும் இதே வழிதான். ஒரு நாள் நான் உக்காந்திருக்கும்போது தெருமுனைல லாரி ரிவர்ஸ் எடுக்குது, பீப் பீப்னு நிக்கவே இல்ல, எனக்கு செம கோவம். அப்போதான் கவனிச்சேன், ரெண்டு தோளும் காதுகிட்ட ஏறி நிக்குது, பல்ல கடிச்சிட்டு இருக்கேன். தோள எறக்கினேன், பல்ல தளத்தினேன், சத்தம் இருந்துச்சு ஆனா என்னை ஒண்ணும் பண்ணல. உங்களுக்கும் அப்படி ஆனா மனசுக்குள்ள ‘சத்தம்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மூச்சுக்கு வந்துடுங்க.

டைமர் அடிச்சதும் சடார்னு எழுந்திரிக்காதீங்க. வெரல அசைச்சு, கால நீட்டி, மரத்துப் போயிருந்தா சரியாகிற வரைக்கும் அப்படியே இருங்க.

இத கண்டிப்பா சொல்லணும். சிலருக்கு கண்ண மூடினதும் பழைய பயமோ துக்கமோ பொங்கிட்டு வரும். அப்படி வந்தா தாங்கிக்கிட்டு உக்காரணும்னு இல்ல, கண்ண தெறந்து, பாதத்த தரையில அழுத்தி, எழுந்து கொஞ்சம் நடங்க. தொடர்ந்து வந்தா டாக்டர்கிட்ட போங்க, மனநலத்துக்கு அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416 இருக்கு, எந்நேரமும் கூப்பிடலாம், காசு கெடையாது. ஏற்கனவே மாத்திரை எடுக்கறவங்க தியானத்த நம்பி அத நிறுத்தவே கூடாது.

ரெண்டு வாரம் விடாம பண்ணிட்டா பத்து நிமிஷமாக்குங்க, நடுவுல ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் உக்காருங்க, சேத்து வச்சு பத்து நிமிஷம் பண்ண வேணாம். சென்னை பக்கம் திருமுடிவாக்கத்துல விபாசனாங்கிற தியான முறைய சொல்லிக் குடுக்கிற மையம் இருக்கு, பத்து நாள் பேசாம இருந்து கத்துக்கற வகுப்பு, கட்டணம் வாங்க மாட்டாங்க, ஆனா எடுத்த எடுப்புல அங்க போகாதீங்க, வீட்ல சில மாசம் பழகிட்டு போங்க. அதுவரைக்கும் எடம் மாத்தி உக்காரணும்னு தோணினா திருவொத்தியூர்ல பட்டினத்தார் சமாதி இருக்கு, கடல் பக்கம். லாரிக்கு பதிலா அங்க அலை சத்தம், எண்றது அதே ஒண்ணு, ரெண்டு, மூணுதான்.