சர்ச் ஸ்ட்ரீட்டில் காமிக்ஸ் வாங்கும் முன்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் மாதிரி கடைகளில் சூப்பர்ஹீரோ அலமாரி முன் நிற்கும் புதியவர் முதலில் தேடுவது '1' என்று போட்ட புத்தகத்தை. அந்த எண்ணை நம்பாதீர்கள். அமெரிக்கப் பதிப்பகங்கள் அடிக்கடி மறுபடி ஒன்றிலிருந்து எண் போடும். 2011இல் டிசி ஒரே வீச்சில் 52 தொடர்களை அப்படி ஆரம்பித்தது. எண்தான் புதுசு, சில தொடர்களில் கதை பழையதன் மிச்சம். மாறாக, 1987இல் வந்த 'பேட்மேன்: இயர் ஒன்' என்பது 'பேட்மேன்' தொடரின் 404 முதல் 407 வரையான நான்கு இதழ்கள். எண்ணைப் பார்த்தால் மிரட்சி வரும். கதையோ பேட்மேனின் முதல் வருடம். ஒன்றுமே தெரியாதவரும் நேராக உள்ளே போகலாம்.

தமிழில் முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸில் பெரும்பாலும் ஒரு புத்தகத்துக்குள் கதை முடிந்துவிடும். அமெரிக்க மாத இதழில் இருபது சொச்சம் பக்கம்தான் கதை, கடைசியில் 'தொடரும்'. ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துக் கட்டியதே கடையில் கிடைக்கும் தொகுப்பு.

ஆகவே அட்டையை விடுங்கள், காப்புரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தத் தொடரின் எந்த இதழ்கள் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரே தொடர், அடுத்தடுத்த எண்கள் என்றால் தைரியமாக எடுக்கலாம். கமலா கான் நாயகியாக 2014இல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' முதல் தொகுப்பில் முதல் ஐந்து இதழ்கள் வரிசையாக உள்ளன. நாலைந்து தொடர்ப் பெயர்கள் கலந்து கிடந்தால் அது பல நாயகர்கள் மோதும் பெருங்கதை. யார் யாருக்கு எதிரி என்று புரிவதற்குள் புத்தகம் முடிந்திருக்கும்.

இணையத்தில் வாசகர் கருத்துகளில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில் படியுங்கள். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் காரணம் சொல்பவர்கள் அவர்கள்தான். 'ஈஸியா புரியுது' என்று எழுதியவர் வேறென்ன படித்திருக்கிறார் என்றும் பாருங்கள்; இருபது வருட ரசிகருக்கு எல்லாமே ஈஸி. எல்லாரும் கைகாட்டும் 'வாட்ச்மென்' (1986-87, 12 இதழ்கள்) தனித்து நிற்கும் முழுக்கதை, அபாரமானதும்கூட. ஆனால் சூப்பர்ஹீரோ கதைகளோடு மல்லுக்கட்டும் புத்தகம் அது. அந்தக் கதைகளை அறியாதவருக்குச் சண்டை எதற்கென்றே பிடிபடாது. அதை ஐந்தாவதாகப் படியுங்கள்.

அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டசி) சிறுகதைத் தொகுப்புகளுக்குக் கணக்கு வேறு. 'கதைகள் ஒரே தரத்தில் இல்லை' என்ற புகார் எல்லாத் தொகுப்புக்கும் வரும்; தள்ளிவிடலாம். கதையின் பெயரைச் சொல்லி எழுதிய கருத்துதான் உதவும். மூன்று பேர் மூன்று வெவ்வேறு கதைகளைச் சிறந்தது என்றால் வாங்குங்கள். மூவரும் ஒரே கதையைச் சொன்னால் அதை மட்டும் இணையத்தில் தேடுங்கள். கிளார்க்ஸ்வேர்ல்ட், லைட்ஸ்பீட் போன்ற பத்திரிகைகளில் வந்த கதை என்றால் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. அறிவியல் புனைவு, மிகுபுனைவுக்குத் தரப்படும் நெபுலா விருதுக் கணக்கில் 7,500 சொற்களுக்குள் இருப்பது சிறுகதை. அதற்குமேல் 17,500 வரை நெடுஞ்சிறுகதை. நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு முதல் வகை முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரைக் கதைகூட முடிக்கலாம். பொருளடக்கத்தில் பக்க எண்களைக் கழித்துப் பார்த்து, குட்டையான மூன்றில் தொடங்குங்கள். மூன்றுமே ஒட்டவில்லை என்றால் தொகுப்பாசிரியரின் ரசனை உங்களுக்கானதல்ல. தமிழிலேயே தொடங்க ஜெயமோகனின் அறிவியல் புனைவுச் சிறுகதைத் தொகுப்பு 'விசும்பு' இருக்கிறது. வாங்குமுன் அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பழைய காமிக்ஸ் என்றால் பில் போடுமுன் நடுப்பக்கத்தை விரியுங்கள். இரு பக்கமும் பரவிய படத்தில் வசனக் குமிழ் தையலுக்குள் புதைகிறதா, பசை வெடித்துத் தாள் கழன்று வருகிறதா பாருங்கள். வழுவழுத் தாள் மழையில் நனைந்திருந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மையும் உரியும். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.