சென்னை வண்டி குளிர் ஊருக்குப் போகும்போது: எந்த கிரேடு எஞ்சின் ஆயில்?

சென்னையில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் ஆயில் கேனில் டபிள்யூ-வுக்கு (W, அதாவது விண்டர்) முன்னால் என்ன எண் இருக்கிறது என்று இங்கே பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. "நம்ம வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் தாங்கும்" என்று மெக்கானிக் சொன்னால் அதையே ஊற்றிவிடுகிறோம். அதே வண்டி லே, கார்கில், ஸ்பிதி போன்ற இமயமலைக் குளிர் ஊர்கள் பக்கம் போகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

5டபிள்யூ-30 என்பதில் முன்னால் உள்ள 5 குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சுற்றும் அளவுக்கு ஆயில் இளகி இருக்கிறதா என்று எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்கள் அமைப்பு) தரப்படி சோதிப்பார்கள். 20டபிள்யூ-வுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15 டிகிரியில் நடக்கும். 15டபிள்யூ-வுக்கு மைனஸ் 20, 10டபிள்யூ-வுக்கு மைனஸ் 25, 5டபிள்யூ-வுக்கு மைனஸ் 30, 0டபிள்யூ-வுக்கு மைனஸ் 35. பம்ப் ஆயிலை இழுத்து மேலே தள்ள முடிகிறதா என்பதற்கு இன்னும் 5 டிகிரி கீழே தனிச் சோதனை உண்டு.

பின்னால் உள்ள எண் சூடான எஞ்சினுக்கானது. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரையும், 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரையும் இருக்க வேண்டும். 0டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டுமே சூடானபின் இந்த ஒரே வரம்புக்குள்தான் நிற்கும். ஆகவே 0டபிள்யூ என்றால் தண்ணீர் மாதிரி, சென்னை வெயிலில் தாங்காது என்ற பயம் தேவையில்லை. மாற்றுவதானால் முன் எண்ணை மட்டும் குறையுங்கள். பின் எண்ணை மேனுவலில் உள்ளபடியே விடுங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 40 ஊற்றினால் மைலேஜ் இறங்கும், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வ் டைமிங் மந்தமாகும். 40 கேட்கும் எஞ்சினில் 20 ஊற்றினால் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்து தேய்மானம் வரும். இரண்டில் பின்னது மோசம்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு எதையும் மாற்ற வேண்டாம். உறைபனி விழும் ஜனவரி இரவிலும் ஊட்டியில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும்; பழைய வண்டியில் உள்ள 20டபிள்யூ-50கூட ஸ்டார்ட் ஆகிவிடும். கோடையில் லே போகிறவர்களுக்கு 10டபிள்யூ தாராளம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கதை வேறு. லேயில் இரவு மைனஸ் 15, 20 வரை போகும். கார்கில் பக்கத்துத் திராஸில் அதற்கும் கீழே. போகும் ஊரின் மிகக் குளிர்ந்த இரவைவிட 10 டிகிரி கீழேயும் தாங்கும் கிரேடு எடுங்கள்: அதாவது 5டபிள்யூ, கிடைத்தால் 0டபிள்யூ. இந்த 10 டிகிரி இடைவெளிக்குக் காரணம் பேட்டரி. மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

செல்ஃப் எடுக்காமல் போவதுகூடப் பெரிய ஆபத்து இல்லை. எஞ்சின் ஓடத் தொடங்கி ஆயில் வராமல் போவதுதான் பெரிய ஆபத்து. குளிரில் கெட்டியான ஆயிலைப் பம்ப் இழுக்கும்போது, பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னரைச் சுற்றியுள்ளது மட்டும் உள்ளே போய் அங்கே குழி விழும். மற்ற ஆயில் நகர்ந்து வந்து அதை நிரப்பாது. பம்ப் காற்றை இழுக்கும். கேம்ஷாஃப்டும் டர்போ பேரிங்கும் வறண்டு உரசும். ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் ஆயில் லைட் அணையவில்லை என்றால் உடனே ஆஃப் செய்யுங்கள்.

வாங்கும்போது கிரேடோடு தரக்குறியையும் பாருங்கள். டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக்குறி நல்லது. டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்6 வண்டிக்கு மேனுவல் சொல்லும் குறைந்த சாம்பல் ஆயில் கட்டாயம், இல்லையென்றால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். சென்னையின் வண்டி உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் வாங்கினால் பில் போடும் டீலரிடம் வாங்குங்கள். மூடியின் சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றையும் கடையிலேயே பாருங்கள்.

ஆயிலைச் சென்னையிலேயே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மாற்றுங்கள். ஒழுகினால் இங்கேயே தெரிந்துவிடும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். ட்ரெயின் பிளக் வாஷர் புதிதாக இருக்கட்டும். ஃபில்டரின் ரப்பரில் புது ஆயில் தடவி, ரப்பர் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்குங்கள். ஃபில்டரில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்: அதற்குள் ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வ் மட்டமாக இருந்தால், இரவெல்லாம் ஆயில் கீழே வடிந்து காலையில் எஞ்சின் வெறுமையாகச் சுற்றும். சிறிய பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமார் 3 லிட்டர் பிடிக்கும். மேனுவல் அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. டிக்கியில் அதே ஆயில் ஒரு லிட்டர் இருக்கட்டும்.

இன்னொன்றும் இங்கேயே முடிக்க வேண்டிய வேலை: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கும். அடர் கூலன்ட் (கான்சன்ட்ரேட்) பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி எனக் கலந்தால் மைனஸ் 35 வரை கவலையில்லை. டீசல் வண்டிக்காரர்கள் கீழே நிரப்பிய சாதாரண டீசலோடு குளிர்காலத்தில் மேலே இரவு தங்காதீர்கள். லடாக்கிற்கென இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 வரை ஓட்டம் இழக்காது.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மெதுவாகக் கிளம்பி, வெப்பம் காட்டும் ஊசி நடுவுக்கு வரும்வரை 2,500 ஆர்பிஎம்-க்குள் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் ஓடவிட்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் நுரை படிந்தால் ஈரம் சேர்கிறது என்று பொருள். ஒரு நீண்ட ஓட்டத்தில் அது போய்விடும், போகாமல் கூலன்ட்டும் குறைந்தால் எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்த 5டபிள்யூ ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. மேனுவல் சொல்லும் கிலோமீட்டர் வரை சென்னை வெயிலிலேயே ஓட்டலாம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் அளவு தானாக ஏறியிருந்தாலோ மட்டும் உடனே மாற்றுங்கள்.