பி.ஆர். கார்டு புதுப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்பாளர்) கார்டின் காலாவதி தேதி நெருங்கினாலே பலருக்குக் கை பதறுகிறது. கையெழுத்து விட்டுப்போவது, 50 டாலர் கட்டணம் கட்ட மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். படிவத்தோடு வரும் சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்தாலே அவை தெரிந்துவிடும். பட்டியலில் பிடிபடாத தவறு ஒன்று இருக்கிறது. முதல்முறை புதுப்பிப்பவர்கள் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், பி.ஆர். தகுதியே பறிபோகும் நிலை வருகிறது.

நாள் போதாமல் விண்ணப்பிப்பது

5 ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த 5 ஆண்டு என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். கார்டில் அச்சிட்ட 5 ஆண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பி.ஆர். கிடைத்து 5 ஆண்டு தாண்டியவர்களுக்கு, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கித்தான் கணக்கு.

ஒரு கணக்கைப் பாருங்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று 2022 மார்ச் 1 அன்று ஊருக்குப் போனவர், 2025 அக்டோபர் 1 அன்று திரும்புகிறார். கார்டு முடியப்போகிறதே என்று 2026 மார்ச் 1 அன்று விண்ணப்பிக்கிறார். பின்னோக்கி 5 ஆண்டு என்றால் 2021 மார்ச் 1 முதல். அதில் போவதற்கு முன் இருந்தது 366 நாள், திரும்பி வந்தபின் 151 நாள். மொத்தம் 517. குறைவது 213 நாள்.

"சரி, இன்னும் 213 நாள் இருந்துவிட்டுப் போடலாம்" என்று நினைப்பது அடுத்த தப்பு. 2026 மார்ச்சுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முன்பக்கம் ஒன்று சேரும். அதே வேளையில் 2021இல் இங்கே இருந்த ஒரு நாள் பின்பக்கம் கழியும். ஓராண்டு முழுக்க 517 அப்படியே நிற்கும். 2027 மார்ச்சுக்குப் பிறகு ஊரில் இருந்த நாள்கள் கழியத் தொடங்கும்போதுதான் எண்ணிக்கை ஏறும். 730 நிறைவது 2027 செப்டம்பர் 30 அன்று. அதாவது, திரும்பிய நாளிலிருந்து நகராமல் இரண்டு முழு ஆண்டு.

அதுவரை கார்டு காலாவதியாகிக் கிடக்கட்டும். கார்டு முடிந்தால் பி.ஆர். தகுதி போகாது, நாட்டுக்குள் வாழவும் வேலை செய்யவும் தடையில்லை. நாள் குறைவாக இருக்கும்போது விண்ணப்பித்தால் அதிகாரியின் பார்வை உங்கள் மேல் விழும். அவர் அறிக்கை எழுதி, வெளியேற்ற உத்தரவு வந்தால், மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். மனிதாபிமானக் காரணம் காட்டலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். காத்திருந்தாலே தீர்ந்துபோகும் விஷயத்துக்கு, அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒருவர் வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைப் பார்க்கும்போது ஆத்திரமாக வருகிறது.

வெளியே இருந்தும் கணக்கில் வரும் நாள்கள் உண்டு: கனடியக் குடிமகனான கணவன் அல்லது மனைவியோடு சேர்ந்து இருந்த காலம், கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிய காலம். இதற்கெல்லாம் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

பயணத் தேதிகளை உத்தேசமாக எழுதுவது

விமானத்தில் வெளியேறும் பயணிகளின் விவரம் 2020 முதல் எல்லைச் சேவை முகமைக்குப் போகிறது. உங்கள் ஞாபகம் அதோடு முரண்பட்டால் கோப்பு தாமதமாகும். தெரிந்தே மாற்றி எழுதியதாகத் தெரிந்தால் கனடாவுக்குள் வர 5 ஆண்டுத் தடை வரை போகலாம். பழைய பாஸ்போர்ட், டிக்கெட் மின்னஞ்சல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். புறப்பட்ட நாளும் வந்து இறங்கிய நாளும் கனடா நாள்களே. காலையில் அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போய் இரவு திரும்பினால் ஒரு நாளும் குறையாது.

சீக்கிரமாக அனுப்புவது

9 மாதத்துக்கு மேல் செல்லுபடி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போட்டோ

50க்கு 70 மி.மீ.; தாடையிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மி.மீ. பாஸ்போர்ட் போட்டோ என்று பொதுவாகக் கேட்காமல், கடைக்காரரிடம் இந்த அளவைச் சொல்லுங்கள்.

தொலைந்ததாக எழுதிக் கொடுத்த கார்டு

படிவம் 5451 கொடுத்தபின் பழைய கார்டு அலமாரியில் கிடைத்தாலும் பயன்படாது. அது ரத்தாகிவிட்டது.

கார்டு இல்லாமல் விமானம் ஏறுவது

திரும்பும்போது விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்தே நிரந்தர வசிப்பாளர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்; படிவம் 5524, கட்டணம் 50 டாலர். அப்போதும் அதே 730 நாளைத்தான் பார்ப்பார்கள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். நாள் குறைவாக உள்ளவர்கள், தவிர்க்க முடியாத பயணமாக இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரையோ வழக்கறிஞரையோ பார்த்துவிடுங்கள்.